மணிக்கூண்டில் விட்டு வந்த கண்ணாடிச் சில்லு

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், கவின் என்ற இளம் பொறியாளர் என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினார். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் படித்தவர். பழைய கட்டடங்களைக் கருவி வைத்து அளந்து அறிக்கை தரும் நிறுவனம் ஒன்றில் இப்போது வேலை செய்கிறார். ஓய்வு பெற்றவர்களிடம் சந்தேகம் கேட்கக் கூச்சப்படாதவர் என்பதால் எனக்கு அவரைப் பிடிக்கும்.

படத்தில் ஒரு சுண்ணாம்புச் சுவர் இருந்தது. அதில் மேலிருந்து கீழாக, அடைத்துப் பூசிய பழைய விரிசலின் தடம். அந்தத் தடத்துக்குக் குறுக்கே, இரண்டு முனையிலும் காரை வைத்து ஒட்டிய ஒரு விரல் அகலக் கண்ணாடித் துண்டு.

“சார், இது என்னங்க சார்? லேசர் பட்டா எதிரொளிக்குது. எடுத்துரலாமுங்களா?”

“தொடாதீங்க” என்று உடனே பதில் போட்டேன். ஏன் தொடக் கூடாது என்பதைக் கைபேசியில் தட்டி முடிக்க என் விரல்களால் ஆகாது. ஆகவே நம் ஓய்வு பெற்றோர் சங்க இதழுக்கு நீண்ட நாளாகத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்த கட்டுரையை இதைப் பற்றியே எழுதிவிட்டேன். கவினும் படிப்பார்.

நான் ராசிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். வீட்டில் இரண்டு தறி. படித்து முடித்து ரயில்வேயில் கட்டடப் பிரிவில் சேர்ந்தபோது, “இனி நூல் அறுந்தா நீ முடிச்சுப் போட வேண்டாம், செவுரு அறுந்தா போடு” என்றார் அப்பா. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. செங்கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டேன், தூக்குக்குண்டு பிடித்தேன், யாரோ வரைந்த படங்களுக்கு நகல் எடுத்தேன். கட்டடம் என்றால் என்ன என்று உண்மையில் தெரிந்துகொண்டது, சேலத்துக்கு மாற்றலாகி உதவிப் பொறியாளர் பொன்னுசாமியின் கீழ் கட்டட வேலை இன்ஸ்பெக்டராக வந்த பிறகுதான்.

பொன்னுசாமி சார் திருச்செங்கோட்டுக்காரர். ஊரில் நிலம் உண்டு. அவருடைய சித்தப்பா மக்கள் எல்லாரும் போர்வெல் வண்டி வைத்து வடநாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், இவர் ஒருவர்தான் அரசுச் சம்பளத்துக்கு வந்தவர். கட்டடங்களை அவர் ‘அது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘இவரு’ என்பார். விளக்கு அறையாக இருந்தாலும், தண்ணீர்த் தொட்டியாக இருந்தாலும் அப்படித்தான். “இவரு எப்பப் பொறந்தவருங்க?” என்றுதான் ஆய்வைத் தொடங்குவார். பிறகு, “குடிக்கத் தண்ணி கெடைக்குமுங்களா?” என்பார். முதலில் அதை வெறும் தாகம் என்று நினைத்தேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மிச்சத்தை எங்கே கொட்டுகிறார்கள், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அந்த ஒரு டம்ளரை வைத்தே கேட்டு முடித்துவிடுவார். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைவார். சுத்தியலை எடுத்துத் தட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. “அவருக்கு எங்க வலிக்குதுன்னு மொதல்ல கேளுங்க. நீங்க அடிச்சு, புதுசா ஒரு வலிய உண்டாக்கிப்போடாதீங்க” என்பார்.

விரிசல் கண்ட இடத்தில் கண்ணாடி ஒட்டும் முறையை அவரிடம்தான் கற்றேன். போட்டோவுக்குச் சட்டம் போடும் கடையில் கிடைக்கும் மெல்லிய கண்ணாடிதான் வேண்டும். தடித்த கண்ணாடி சுவர் அசைந்தாலும் உடையாது, காரையோடு பெயர்ந்துவிடும். ஒட்டும் இடத்தில் பூச்சைச் சுரண்டி, செங்கல் தெரியும்வரை போக வேண்டும். பூச்சின் மேல் ஒட்டினால் பூச்சின் கதைதான் தெரியும், சுவரின் கதை தெரியாது. காரை ஈரமாக இருக்கும்போதே ஒட்டிய தேதியை ஆணியால் கீறிவிட வேண்டும். சுவர் ஒரு மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி தெறிக்கும். தெறித்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது. தெறிக்காவிட்டால், எப்போதோ நடந்து முடிந்த விஷயம். ஏதோ ஒரு நாள் அடுப்பு எரிந்ததற்கு இன்றைக்கும் சுவரில் கரி இருப்பதைப் போல.

சூரமங்கலம் பக்கம், ஜங்ஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ரயில்வே குடியிருப்பை ஒட்டி ஒரு லுத்தரன் சபைக் கோயில் இருக்கிறது. கவினின் படத்தில் இருப்பது அதன் சுவர். தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பங்கள் தங்களுக்கென்று எழுப்பிக்கொண்டது. ஜெர்மானியக் குருமார் ஒருவர் படம் போட்டுத் தந்ததாகச் சொல்வார்கள். படம் யாரிடமும் இல்லை. சபை சிறியது. கோயில் அதற்கேற்ற அளவு. நீளமான ஒரே கூடம், பக்கவாட்டில் முட்டுச் சுவர்கள், கூரான வளைவு வைத்த ஒடுங்கிய சன்னல்கள், தேக்குச் சட்டங்களின் மேல் மங்களூர் ஓடு. முன்புறம் சதுரமான மணிக்கூண்டு. சங்ககிரிச் சுண்ணாம்பை நீற்றி அரைத்துக் கட்டிய செங்கல் சுவர். கிழக்கே இருக்க வேண்டிய பீடம் வடக்கே இருக்கிறது. கிழக்கே ரயில் பாதை இருந்ததால், பாடும்போது முகத்துக்கு நேரே இஞ்சின் ஊதுவதைவிட பக்கவாட்டில் ஊதுவது மேல் என்று முடிவு செய்தார்களாம். இதைச் சொன்னவர் சபைச் சங்கச் செயலராக இருந்த தேவசகாயம். சரக்கு ரயில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர்.

வாசகர்கள் இங்கே ஆண்டைத் தேடுவீர்கள். போட மாட்டேன். வாசல் மேலுள்ள கல் அடிக்கல் நாட்டிய ஆண்டைச் சொல்கிறது. மேலே தொங்கும் வார்ப்பு எஃகு மணி, தான் வார்க்கப்பட்ட ஆண்டைச் சொல்கிறது. மணிக்கூண்டுக்குள் மணிச் சட்டத்தைத் தாங்கும் இரண்டு பழைய தண்டவாளங்களின் இடுப்பில் அவை உருட்டப்பட்ட ஆண்டு புடைத்து நிற்கிறது. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சபையார் ஆண்டு விழா எடுப்பது நான்காவது ஓர் ஆண்டை வைத்து. கட்டடம் தன் தண்டவாளத்தைவிட மூத்ததாக இருக்க முடியாது என்று ஒருமுறை மெல்லச் சொன்னேன். “தம்பி, எங்க விழாவுக்கு நீங்க பிரியாணி சாப்பிட வர்றதா இருந்தா இந்தப் பேச்ச விடுங்க” என்றார் தேவசகாயம். இரண்டு சாட்சி ஒத்துப்போகாத ஆண்டை அச்சில் ஏற்றுவதில்லை என்பது என் வழக்கம். பிரியாணிக்குப் போய்விட்டேன்.

இனி அந்தச் சம்பவம். என் பணிக்காலத்தின் நடுப்பகுதி. மணிக்கூண்டின் மேற்குச் சுவரில், நடு உயரத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு விரிசல் இறங்கியிருந்தது. அந்தச் சுவருக்கு அடுத்து குடியிருப்புக்குப் போகும் பாதை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழி. யாரோ புகார் எழுதிப் போட்டார்கள். சபைக்கு வேண்டிய ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து பார்த்து, அஸ்திவாரம் உட்கார்ந்துவிட்டது, மணிக்கூண்டை இறக்கியாக வேண்டும், அதை இறக்கினால் முன்புறம் முழுக்க நிற்காது, ஆகவே ஒரேயடியாக இடித்துவிட்டு கான்கிரீட்டில் பெரிய மண்டபமாகக் கட்டலாம் என்று வண்ணப் படமே போட்டுக் கொடுத்துவிட்டார். சபையில் பாதிப் பேருக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. பிடிக்காதவர்களின் தலைவர் தேவசகாயம். பாதை ரயில்வேயுடையது என்பதால் ஆபத்து உண்டா இல்லையா என்று சொல்லும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. ஆபத்து என்று பொன்னுசாமி சார் கையெழுத்திட்டால், மறுநாளே கோயிலைப் பூட்டி இடிக்கத் தொடங்கிவிடுவார்கள். இல்லை என்று கையெழுத்திட்டு, பிறகு சுவர் பிள்ளைகள் மேல் விழுந்தால்? அவர் அன்று தன் பழைய ஜீப்பிலிருந்து இறங்கும்போதே முகம் சரியில்லை.

முதல் நாள் வழக்கம்போல் தண்ணீர் கேட்டார். தேவசகாயம் ஸ்டீல் டம்ளரில் கொண்டுவந்தார்.

“கெணத்துத் தண்ணிங்களா?”

“ஆமா சார். இந்தக் கோயில விட மூத்த கெணறு. தண்ணி தேங்கா மாதிரி இனிக்கும்.”

“எம்மேல ஏதும் மந்திரம் போட்டு எடுத்தாந்தீங்களா?”

“போட்டா நீங்க ஆபத்துன்னு கையெழுத்துப் போடாம போயிருவீங்களா சார்? அப்படின்னா இன்னொரு டம்ளர் கொண்டாரேன்.”

சார் சிரித்தார். ஆனால் வேலையில் சிரிப்பில்லை. சுவர் ஓரம் குழி வெட்டி அஸ்திவாரத்தைப் பார்த்தோம். கருங்கல் வரிசை ஆடாமல் அசையாமல் இருந்தது. மண், சுக்கான் கல் கலந்து காய்ந்து கெட்டியாக இருந்தது. தூக்குக்குண்டு விட்டால் சுவரின் கீழ்ப்பாதி நேராக நின்றது. மேல்பாதிதான் வெளியே சற்றே வயிறு தள்ளியிருந்தது. “கால் நல்லா ஊணி நிக்கிறாரு. தோள்தான் சரியில்ல. கால் வலிக்கு யாருக்காச்சும் தோள் எறங்குமுங்களா?” என்று என்னைக் கேட்டார். ஒப்பந்தக்காரர் சொன்ன காரணம் அங்கேயே விழுந்துவிட்டது.

இடிக்கக் கூடாது என்ற சபையார் இன்னொரு காரணம் வைத்திருந்தார்கள். சரக்கு ரயில் அதிர்வு. அது உண்மையானால் செலவு ரயில்வேயின் தலையில் வரும், கோயில் பிழைக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சார் விரிசலின் குறுக்கே, உள்பக்கம், மேலும் கீழுமாகக் கண்ணாடிகளை ஒட்டச் சொன்னார். ஒட்டினேன், தேதி கீறினேன். வாரங்கள் போயின. இரும்புத்தாது ஏற்றிய வண்டிகள் தரை அதிரப் போயின. ஒரு பெரிய மழை பெய்தது. ஞாயிறுதோறும் ஆராதனைக்கு மணி அடித்தார்கள். கண்ணாடி தெறிக்கவில்லை.

பிறகு ஒரு திங்கள்கிழமை போய்ப் பார்த்தால், மேல் கண்ணாடி குறுக்கே பிளந்திருந்தது. மழையில்லாத வாரம். வழக்கத்தைவிட வண்டிகளும் குறைவு. “அந்த வாரத்துல இங்க என்னங்க நடந்துச்சு?” என்று தேவசகாயத்தைக் கேட்டார் சார். “ஒண்ணும் நடக்கல சார். ஒரு அடக்கம் மட்டும்தான்” என்றார் அவர். அடக்கத்துக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. புதுக் கண்ணாடி ஒட்டினோம். மாதக் கடைசி ஞாயிறு சபைக் கூட்டம் கூடி மண்டபப் படத்தின் மேல் முடிவெடுப்பதாக அறிவித்துவிட்டார்கள். அதற்குள் சார் ஒரு பதில் தர வேண்டும்.

அந்த ஞாயிறுக்கு முந்தைய புதன்கிழமை நண்பகல். மணிக்கூண்டின் கீழறையில் நானும் சாரும் இருந்தோம். தேவசகாயம் கொண்டுவந்த தண்ணீர் சன்னல் திட்டில் பாதி மிச்சம் இருந்தது. கோயில்பிள்ளை யாக்கோபு, அதாவது கோயிலைப் பெருக்கித் துடைத்து மணி அடிப்பவர், வேகமாக உள்ளே வந்தார்.

“சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அஸ்தம்பட்டி டீச்சரம்மா போயிட்டாங்களாம். மணி அடிக்கணும்.”

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அவர்களோடு வந்தது. சபையில் ஒருவர் இறந்தால், அவருடைய வயது எத்தனையோ அத்தனை முறை மணியை இழுப்பார்கள். குடியிருப்பு முழுக்க வேலையை நிறுத்திவிட்டு எண்ணுவார்கள். எண்ணிக்கை நிற்கும் இடத்தை வைத்தே போனவர் யார் என்று பல வீடுகளில் தெரிந்துவிடும்.

யாக்கோபு கயிற்றை இழுத்தார். சார் எழுந்து நின்றார். இறந்தவருக்கு மரியாதை என்று நானும் நின்றேன். முதல் இழுப்புகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஞாயிறு மணி அவ்வளவோடு நின்றுவிடும். டீச்சரம்மாவோ நீண்ட ஆயுசுக்காரர். இழுக்க இழுக்க அந்த எஃகு மணி வீச்சு எடுத்தது. சார் என் தோளைத் தொட்டு சன்னலைக் காட்டினார். டம்ளரில் இருந்த தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு வட்டம். அவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். பிறகு கன்னத்தை வைத்தார். அடுத்த நொடி, ‘டிக்’ என்று ஒரு சத்தம். நாங்கள் இருவரும் நிமிர்ந்தோம். மேல் கண்ணாடி போய்விட்டது.

“சார், நிறுத்தச் சொல்லட்டுங்களா?” என்றேன். ஒவ்வோர் இழுப்பும் சுவரைத் திறக்கிறது என்று கண்ணாலேயே பார்த்தாகிவிட்டதே.

சார் மேலே பார்த்தார். யாக்கோபு உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

“வேண்டாமுங்க. அந்தம்மா வயச முடிச்சுக்கட்டும். நீங்க மட்டும் ஓடிப்போயி பாதையில ஆள் வராம பாத்துக்கோங்க.”

மணி நிற்கும்வரை பாதையில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு ஏணி வைத்து மேலே ஏறினோம். தேவசகாயமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

மேலே நான் கண்டதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கட்டியவரின் அறிவு அங்கேதான் இருந்தது. இரண்டு தண்டவாளங்கள் கூண்டின் குறுக்கே படுத்திருந்தன. அவற்றின் மேல் தேக்கில் செய்த கனத்த சட்டம். சட்டத்துக்குள் மணி. சட்டம் தண்டவாளத்தின் மேல் நிற்கிறதே தவிர, நாலு பக்கச் சுவரையும் தொடக் கூடாது. சுற்றிலும் கையளவு இடைவெளி விட்டிருந்தார்கள். மணி வீசும்போது சட்டம் மரத்துக்குரிய நெகிழ்வோடு ஆடும், சுவருக்குத் தெரியாது. அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நாங்கள் பார்த்தபோது அந்த இடைவெளி இல்லை. நாலு பக்கமும் செங்கல் துண்டு செருகி, சிமெண்ட் பூசி, ஓரம் தேய்த்து வழவழப்பாக்கி அடைத்திருந்தது. மணி தன் முழு வீச்சையும் சுவரின் தோளில் இடித்துக்கொண்டிருந்தது.

“இத யாருங்க அடச்சது?”

“நாந்தான் சார்” என்றார் தேவசகாயம். “புறா. அந்தச் சந்துல கூடு வெச்சு வெச்சு, கீழ ஒரே எச்சம். ஞானஸ்நானத்துக்குக் கொண்டாந்த கொழந்த மேலயே விழுந்திடுச்சு. ரிட்டயர் ஆன வாரமே, மொத வேலையா, நானே மேல ஏறி அடச்சேன். ஒரு புறாகூட வரல அதுக்கப்பறம்.”

சார் பூச்சை விரலால் தடவிப் பார்த்தார். “வேல சுத்தமா இருக்குதுங்க” என்றார். பிறகு ஓட்டுநரிடம் பேச வேண்டிய மொழியில் பேசினார். “ஏனுங்க, ரெண்டு வேகனுக்கு நடுவுல பஃபர் வெச்சு எடம் உட்ருக்காங்களே, அத அடச்சு, வேகனோட வேகன வெல்டு வெச்சு ஓட்டுனா எப்படியிருக்கும்?”

தேவசகாயத்துக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தண்டவாளத்தின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது. “அப்ப, கோயில இடிக்கக் கூடாதுன்னு கத்திக்கிட்டு இருந்த நாந்தான் சார் கோயில ஒடச்சிருக்கேன்.”

“ஒடையலீங்க சாமி. ஒடையறதுக்குள்ள பாத்துட்டோம். அழுவறத எறங்கி வந்து அழுவுங்க, இங்க ஏணி ஒண்ணுதான் இருக்குது. உளி வெச்சிருக்கீங்களா?”

வைத்திருந்தார். அன்று மாலையிலிருந்து வெள்ளிக்கிழமை வரை, அடைத்தவரே வெட்டி எடுத்தார். நான் மேற்பார்வை. முதலில் சுவருக்கு வெளியே மரச்சாரம் முட்டுக் கொடுத்தோம். உளியைச் சுவர்ப் பக்கம் சாய்க்காமல் மரத்தின் பக்கமும் சாய்க்காமல் நேராகப் பிடிக்க வேண்டும். அந்த மனிதர் இஞ்சினில் நெம்புகோலைப் பிடித்த கையால் அதைப் பிடித்தார். புறாவுக்குக் கம்பி வலை கட்டினோம். வலையைச் சட்டத்தோடு மட்டும் கட்டிச் சுவரைத் தொடாமல் விட்டோம். விரிசலில் நீர்த்த சுண்ணாம்புக் கூழை இறக்கினோம். கடைசியாக, செங்கல் தெரியச் சுரண்டி, புதுக் கண்ணாடி ஒன்று.

அதற்குப் பிறகும் சார் கையெழுத்துப் போடவில்லை. “மணி முழு வீச்சுக்கு வரோணும். கண்ணாடி நிக்கோணும். பாத்துட்டுத்தான் போடுவேன். இல்லீன்னா நான் சொல்றது வெறும் வாய்ப்பேச்சு” என்றார். ஞாயிற்றுக்கிழமை சபைக் கூட்டம். இருந்தது சனிக்கிழமை ஒரு நாள்.

“சும்மா அடிச்சுப் பாத்துரலாமே” என்றேன் நான். யாக்கோபு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. போதகர் நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். அவரும் தலையை அசைத்தார். ஞாயிறு மணி எத்தனை இழுப்பு என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல் மணி அடித்தால் ஒரு சாவு. யாரும் சாகாமல் அடித்தால் கோயிலே பொய் சொன்னதாக ஆகும். மனிதர்களை வரிசையாக நிறுத்தி இது பரிசோதனை என்று அறிவித்தாலும், கேட்கும் காது ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பு போய்ச் சேராது. வெளியூரில் பிள்ளை இருக்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். சார் வற்புறுத்தவில்லை. இன்னொரு சாவு வரும்வரை காத்திருக்கவும் நேரமில்லை. யாருக்காவது சாவு வர வேண்டும் என்று நினைப்பதும் நன்றாக இல்லை.

தேவசகாயம்தான் தொண்டையைக் கனைத்தார்.

“எனக்கு அடிங்க.”

“என்ன பேச்சுங்க இது? வாயக் கழுவுங்க” என்றார் சார். கோயிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் குரல் உயர்ந்தது அப்போது மட்டும்தான்.

“இல்ல சார். எப்பவோ ஒரு நாள் எனக்கு அடிக்கத்தான் போறாங்க. அதுல இப்பவே கொஞ்சம் அடிச்சிட்டா பொய்யில்ல. பேர் சொல்லி, வீடு வீடா நானே போய்ச் சொல்லிட்டு வர்றேன். சாயந்தரம் தேவசகாயத்துக்கு மணி, ஆளு உசிரோடதான் இருக்கான், யாரும் பயந்துக்காதீங்கன்னு. நானும் ஒருதரம் கேட்டுக்கறேனே. மத்தவங்களுக்கு அந்தக் குடுப்பினை கெடையாது.”

“நீர் கேட்டால் மறுக்க என்னிடம் காரணமில்லை” என்றார் போதகர்.

சனிக்கிழமை மாலை, வெயில் தாழ்ந்த பிறகு, யாக்கோபு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு சந்தேகம் கேட்டார். “எந்த வயசுக்கு அடிக்கிறது? ரயில்வே வயசா, ஞானஸ்நான வயசா?” அந்தக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த பலருக்கும் போலவே தேவசகாயத்துக்கும் வயதுக்கு இரண்டு கணக்கு. அலுவலகத்தில் மூன்று வருடம் இளையவர்.

“ரயில்வே வயசுக்கு அடி. மிச்சத்த அப்பறம் பாத்துக்கலாம்.”

மணி தொடங்கியது. சார் உள்ளே, கண்ணாடிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் அவர் பின்னால். தேவசகாயம் எங்களோடு நிற்கவில்லை, வாசலில் போய் நின்றுகொண்டார். எவ்வளவு சொல்லி வைத்தும், செய்தி எட்டாதவர்கள் ஓடி வந்தார்கள். வந்தவர்களைச் செத்தவரே கைகூப்பி வரவேற்றார்.

“யாருங்கண்ணா? யாரு போயிட்டது?”

“நாந்தாம்மா. உள்ள வாங்க.”

குடியிருப்பில் அவரோடு வண்டி ஓட்டிய கூட்டாளி ஒருவர், தேவசகாயத்துக்கு மணி என்ற பாதிச் செய்தியை மட்டும் கேட்டு, மல்லிகை மாலையே வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்கினார். தேவசகாயத்தைக் கண்டதும் கோபத்தில் கத்தினார். “அட எழவே! உசிரோட இருக்கறவனுக்கு மாலை வாங்க வெச்சுட்டியேய்யா! கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவானா?”

“கொண்டாந்தது கொண்டாந்த, போட்டுட்டுப் போ. அன்னைக்கு வரப்ப மறந்துடாத.”

உள்ளே எனக்கு இதெல்லாம் காதில்தான் விழுந்தது. கண் கண்ணாடியை விட்டு நகரவில்லை. டீச்சரம்மாவின் மணிக்குத் தெறித்த இடம் எதுவென்று மனதுக்குள் எண்ணி வைத்திருந்தேன். அது வந்தது. போனது. மேலே தேக்குச் சட்டம் முனகியது. டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தோம், அது கண்ணாடியைப் போலக் கிடந்தது. மணி நின்றபோது சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து, மாலையோடு நின்ற தேவசகாயத்தைப் பார்த்து, “உங்குளுக்கும் ஒண்ணுமில்ல, இவருக்கும் ஒண்ணுமில்ல” என்று மணிக்கூண்டைக் காட்டினார். ஜீப்பின் முன்புறத்தில் தாளை வைத்து அங்கேயே கையெழுத்திட்டார். மறுநாள் கூட்டத்தில் வண்ணப் படத்தைச் சுருட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கண்ணாடியை எடுக்க வேண்டாம் என்று அப்போதே சார் சொல்லிவிட்டார். ரயில்வே வயசுக்கு மட்டும்தானே சோதித்திருக்கிறோம் என்று அவர் சொன்னதை நான் வேடிக்கை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு தேவசகாயம் வெகுகாலம் இருந்தார். ஒவ்வோர் ஆண்டும் விழாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆண்டுக் கணக்கைப் பற்றிப் பேச்செடுக்காமல் பார்த்துக்கொண்டார். பொன்னுசாமி சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். நானும் ஓய்வு பெற்றேன். தேவசகாயம் இறந்த செய்தி ஒரு பிற்பகல் வந்தபோது பஸ் பிடித்துப் போனேன். எல்லாரும் வீட்டு வாசலில் இருந்தார்கள். எனக்கு அங்கே போகத் தோன்றவில்லை. மணிக்கூண்டின் கீழறைக்குப் போய், அந்தக் கண்ணாடிக்கு எதிரே நின்றேன். யாக்கோபுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

இந்த முறை ஞானஸ்நான வயது. அன்று சனிக்கிழமை அடித்த எண்ணிக்கை வரை எனக்குப் பயமில்லை. அது அவரே நின்று கேட்டது. அதைத் தாண்டியதும், அலுவலகம் குறைத்து எழுதிய அந்த மூன்று வருடமும், அதற்குப் பிறகு அவர் சேர்த்துக்கொண்ட வருடங்களும் ஒன்றொன்றாக வந்தன. சுவர் இதுவரை கேட்காத இழுப்புகள். ஒவ்வொன்றுக்கும் நான் கண்ணாடியைப் பார்த்தேன். கடைசி இழுப்பு அடங்கி, மணி தானாக ஆடி ஓயும்வரை கண்ணாடி முழுசாக இருந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்தேன்.

இதைப் படித்து முடித்ததும், கருவி இருக்கும்போது சில்லு எதற்கு என்று கவின் கேட்கக் கூடும். உங்கள் கருவி சொல்வதை நான் நம்புகிறேன், கவின். ஆனாலும் சில்லு அங்கேயே இருக்கட்டும். ஒதுக்கிவிட்டு அளந்துகொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கண்ணாடி மேல் தூசி படிந்திருக்கிறது. ஈரத் துணியால் மெல்லத் துடைத்துவிடுங்கள். தூசியிருந்தால், தெறித்தாலும் தெரியாது.